புதுப்பிப்பு: பிரியஸில் ஆயில் கேட்ச் கேன் பொருத்திய பின் வந்த பி0171 எரர் கோடு தீர்ந்தது

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் (1.8 லிட்டர்), பிசிவி வால்வுக்கும் (கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றுவது) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) நடுவே, அந்த வாயுவில் வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் வைத்தபின் ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) நடுக்கம், பி0171 (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை என்னும் எரர் கோடு) என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏர்ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்ததில் மாற்றமில்லை. கைகொடுத்தது ஹோஸை இடுக்கிப் பார்க்கும் யோசனைதான். ஹைபிரிடில் இன்ஜின் தானாக நின்றுவிடும் என்பதால் முதலில் இன்ஜினை நிற்காமல் ஓடவைக்கும் மெயின்டனன்ஸ் மோடு தேவை. ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இருமுறை அழுத்தி, 60 விநாடிக்குள் பி-யில் (பார்க்) ஆக்சிலரேட்டரை முழுதாக இருமுறை, என்-இல் (நியூட்ரல்) இருமுறை, மீண்டும் பி-யில் இருமுறை மிதிக்க வேண்டும். பிறகு பிரேக் மிதித்து ஸ்டார்ட். இந்த மோடில் வண்டியை ஓட்டக் கூடாது.

ஐடிலில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +20% அருகே இருந்தது, ஆர்பிஎம் ஏறியதும் இறங்கியது. வேக்கம் கசிவின் (இன்ஜின் உறிஞ்சும் பக்கம் ஓட்டை வழியே கூடுதல் காற்று நுழைவது) அடையாளம் அது. மேனிஃபோல்டு அருகே ஹோஸை இடுக்கியதும் டிரிம் சட்டென்று இறங்கியது. ஆக, கசிவு கேன் பக்கம். (சோப்பு நீர் இங்கே உதவாது, வேக்கம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.) கிட்டோடு வந்த மெல்லிய ஹோஸ் சூட்டில் இளகி, கிளாம்ப் அடியில் பிளந்திருந்தது. ஆயில் தாங்கும், நூல் வலுவூட்டிய நைட்ரைல் (ஒருவகை ரப்பர்) ஹோஸ் போட்டு எரர் கோடை அழித்தேன்; டிரிம் ±3%க்குள் நிற்கிறது.

எதிர்பாராதது: கேனில் ஆயிலைவிடப் பால் நிறக் கலவையே அதிகம். குறுந்தூர ஓட்டத்தில் இன்ஜின் விட்டுவிட்டு இயங்குவதால் கிராங்க்கேஸ் ஈரம் ஆவியாவதில்லை. கூலன்ட் கலந்தாலும் இந்த நிறம் வரலாம்; ஆனால் கூலன்ட் அளவு குறையாதவரை பயமில்லை, ஆனால் கேனை அடிக்கடி வடிக்க வேண்டும்.