மியான்மரின் பெகு யோமா மலையடிவார வயலில் யானை: வேலியை எங்கே போடுவது?

கேள்வி: நெல் முற்றும்போது யானை இறங்குகிறது. வேலிக்கு இடம் பார்ப்பது எப்படி, ஐயா?

பதில் 1: முதலில் வரைபடம், தம்பி. காலடி, சாணம், முறிந்த மூங்கில் கண்ட இடங்களை ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். தேதி, நேரம், பயிர்ப் பருவமும் சேருங்கள். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல் 2 மடங்குதான் ஏறக்குறைய தோள் உயரம். குட்டியோடு வந்த கூட்டமா, தனிக் கொம்பனா என்று ஊகிக்க உதவும். பயிரைச் சேதப்படுத்தாமல் யானை கடந்துபோகும் வழியையும் குறிக்காமல் விடாதீர்கள். ஓடைக்குப் போகும் வழியை அடைத்தால் யானை ஊருக்குள் திரும்பும். வயலை மட்டும் வளையுங்கள்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. சூரிய மின்வேலி என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் கருவிதான் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கவே கூடாது, ஆளையும் யானையையும் கொல்லும்! கம்பியில் புல் உரசினால் மின்னழுத்தம் இறங்கிவிடும். வேலியடிப் புல்லை அடிக்கடி வெட்டுங்கள். தந்தத்தில் மின்சாரம் உறைக்காது, அதனால் யானை தந்தத்தால் கம்பத்தையே சாய்க்கும். கம்பத்தின் வெளிப்பக்கமும் கம்பி நீட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஓடைப் பக்கம் திறந்து விடுகிறோம்.