திபெத் பற்றிய ஐ.நா. ஆவணங்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். திபெத்தியர்களின் மனித உரிமைகளை ஐ.நா. எப்படிக் கவனித்து வந்திருக்கிறது என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். பொதுச்சபை 1959, 1961, 1965 என மூன்று தீர்மானங்கள் போட்டது. முதலில் ஒதுங்கி நின்ற இந்தியா, 1965-ல் ஆதரவாக வாக்களித்தது. அன்று இந்தியப் பிரதிநிதி பேசிய முழு உரை எங்கே கிடைக்கும்?

அப்புறம், 2024 ஜனவரியில் ஜெனீவாவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் சீனாவின் மனித உரிமை நிலையை ஆய்வு செய்தன. திபெத் பற்றிய பரிந்துரைகளில் சீனா எதை ஏற்றது, எதை மறுத்தது என்பதைச் சரிபார்க்கத் துணை வேண்டும். அந்த அறிக்கைகளைப் படித்துப் பழகியவர் இருந்தால் நல்லது.

என்னை விடாமல் உறுத்துவது பஞ்சென் லாமா (திபெத்திய பௌத்தத்தில் தலாய் லாமாவுக்கு அடுத்த நிலைக் குரு) விஷயம். பஞ்சென் லாமா என்று தலாய் லாமா அடையாளம் காட்டிய சிறுவன் 1995 மே 17 அன்று காணாமல் போனபோது வயது ஆறு. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டது. ‘படிப்பை முடித்து வேலையில் இருக்கிறார்’ என்று 2020-ல் சீனா சொன்னது. ஆனால் வெளியார் யாரும் நேரில் பார்க்க இன்றுவரை வழியில்லை. இதை மேலோட்டமாக எழுத எனக்கு மனமில்லை.

பெற்றோரைப் பிரிந்து உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் பற்றி ஐ.நா. நிபுணர்கள் 2023-ல் கவலை தெரிவித்தார்கள். அதன் மூல அறிக்கை இருப்பவர்களும் இங்கேயே பதில் போடுங்கள்.