வேலை நாள் இரவில் ஞொக்கி: கொழுக்கட்டை கரைகிறது, பெஸ்டோ கறுக்கிறது

கீழக்கரை இல்லத்தரசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கீழக்கரையில் வசிக்கிறேன். இராமநாதபுரத்தில் அலுவலக வேலையை முடித்துப் பேருந்தில் வீடு வந்து சேர மாலை ஆறரை மணியாகிவிடுகிறது. வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அங்கே ஓர் உணவகத்தில் சாப்பிட்ட ஞொக்கி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும், அதில் பிரட்டித் தந்த, இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ என்னும் பச்சைத் துவையலும் பிள்ளைகளின் நாவை விட்டு இன்னும் போகவில்லை.

சென்ற புதன்கிழமை முயன்று பார்த்தேன். ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் நான்கு விசில் விட்டு மசித்தேன். மாவு கையில் ஒட்டியதால், ஒட்டாமல் வரும்வரை மைதாவைச் சேர்த்துக்கொண்டே போய், பரோட்டாவுக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தேன். கொதிநீரில் போட்டபோது பாதி கரைந்து கஞ்சியாயிற்று. கரையாமல் நின்ற மீதி, இரப்பர் போல் பல்லுக்குப் பிடிகொடுக்கவில்லை. பெஸ்டோவுக்கு வீட்டுத் தொட்டியில் வளரும் திருநீற்றுப்பச்சிலையை முந்திரி, பூண்டு, ஆலிவ் எண்ணெயுடன் மிக்ஸியில் நைசாக அரைத்தேன். பத்தே நிமிடத்தில் அது கறுத்ததோடு கசக்கவும் செய்தது. என் உம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இடியாப்பத்துக்கு மாவு எடுத்து வைத்துவிட்டார்.

பிழை எங்கே நேர்ந்தது? வேலை நாளில் முக்கால் மணி நேரத்துக்குள் இதை முடிக்க வழியுண்டா? உறவினர் கொண்டுவரும் இத்தாலியச் சீஸை எங்கள் வீட்டில் எல்லோரும் தொடுவதில்லை என்பதால், அதற்கு மாற்றையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டபத்துச் சமையல்காரர்

சகோதரிக்கு வணக்கம். கப்பல் சமையலறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ஞொக்கியைக் கெடுத்தது கிழங்கில் ஏறிய தண்ணீர். தோல் சீவித் துண்டு போட்ட கிழங்கு, குக்கருக்குள் நீரைக் குடித்துக்கொண்டே வேகிறது. அந்த ஈரத்தை அடக்க நீங்கள் மைதாவைக் கூட்டினீர்கள். மைதா கூடக் கூட, பிசையப் பிசைய, அதிலுள்ள பசையம் இழுவை கொண்டு இரப்பராகிவிட்டது. மாவு ஒருசீராகச் சேராத இடங்கள் கரைந்துபோயின.

நம் வீடுகளில் இதற்கு இரண்டு நல்ல கருவிகள் இருக்கின்றன. முதலாவது இட்லிக் கொப்பரை. கிழங்கைத் தோலோடு, முழுதாக, இட்லித் தட்டின்மேல் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். நடுத்தர அளவுக் கிழங்குக்கு 40 நிமிடம் வரை ஆகும். கத்தி தடையின்றி இறங்க வேண்டும். இரண்டாவது இடியாப்ப உரல். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, சூடு ஆறுமுன் உரலில் போட்டு ஓர் அகலமான தட்டின்மேல் பிழிந்து பரப்பினால், ஆவி வெளியேறிக் கிழங்கு உதிரியாகும், கட்டியும் தட்டாது. இத்தாலியர்கள் இதற்கென்று வைத்திருக்கும் கருவியைப் பார்த்தபோது, நம் இடியாப்ப உரலுக்குக் கைப்பிடி மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஒரு கிலோ கிழங்குக்கு 250 முதல் 300 கிராம் மைதா போதும். முட்டை ஒன்று சேர்த்தால் புதிதாகச் செய்பவருக்குத் துணையாக இருக்கும். மாவைப் பிசையக் கூடாது, கூட்டிச் சேர்க்க வேண்டும்; லேசாக ஒட்டினாலும் ஒட்டட்டும். விரல் தடிமனில் உருட்டி, இரண்டு செ.மீ. நீளத்தில் நறுக்கி, முள்கரண்டியின் முதுகில் ஒவ்வொன்றையும் அழுத்தி உருட்டினால் வரிகள் விழும். அழகுக்காக மட்டுமல்ல, பெஸ்டோ பிடித்து நிற்பதே அந்த வரிகளில்தான். முழுவதையும் நறுக்குமுன் ஒரே ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் மட்டும் இன்னும் ஒரு பிடி மைதா சேருங்கள். மேலே மிதந்து வந்த அரை நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும்.

வேலை நாளில் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை செய்து, மைதா தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, உறைபெட்டியில் கல்லாக உறைந்தபின் பையில் அள்ளி வையுங்கள். வேண்டிய நாளில் உறைந்தபடியே கொதிநீரில் போட வேண்டும். வெளியே வைத்து இளக விட்டால் ஈரம் கசிந்து களியாகிவிடும். புதிதாகத் தோண்டிய, தோல் மெல்லிய கிழங்கை இதற்கு வாங்காதீர்கள். அதில் நீர் அதிகம்.

இராமேசுவரம் மாடித்தோட்டம்

கிழங்கைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். திருநீற்றுப்பச்சிலையும், பெஸ்டோவுக்குப் போடும் இத்தாலியின் ஜெனோவா நகரத்துப் பேசில் இலையும் ஒரே இனம். நாம் சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் அதே இனத்துச் செடி தருவதுதான். ஆனால் வகை வேறு என்பதால் நம் பச்சிலையில் காரமும் கற்பூர வாடையும் தூக்கலாக இருக்கும். பூ விட்ட செடியின் இலை இன்னும் கடுமையாகும். மொட்டைக் கிள்ளிவிட்டு நுனியிலுள்ள இளந்தளிரை மட்டும் பறித்தால் வித்தியாசம் தெரியும். உப்பு நீர் ஊற்றினால் நம் ஊரில் இலையோரம் கருகுகிறது. நான் காவிரிக் குழாய் நீரையே தொட்டிக்கு ஊற்றுகிறேன், வீட்டில் அதற்காக வசவும் வாங்குகிறேன்.

இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து கறுக்கச் செய்கிறது. மிக்ஸியின் சூடு அதை விரைவுபடுத்துகிறது. இலைகளைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி, உடனே பனிநீரில் போட்டு, துணியில் ஒற்றி எடுத்து அரைத்தால் பச்சை மாறாது; மணம் சற்றுக் குறையும் என்பது உண்மை. முக்க மனமில்லையென்றால், மிக்ஸிக் கிண்ணத்தையும் எண்ணெயையும் குளிர வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். கசப்புக்குப் பெரும்பாலும் காரணம், ஆலிவ் எண்ணெயை வேகமாகச் சுழலும் மிக்ஸியில் ஊற்றி அடிப்பதுதான். இலை, பருப்பு, பூண்டு, கல்லுப்பு ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து எடுத்து, எண்ணெயையும் சீஸையும் கரண்டியால் கலந்துகொள்ளுங்கள்.

நான்கு பேருக்கு 60 கிராம் இலை, 30 கிராம் முந்திரி, ஒரு பல் பூண்டு, 60 கிராம் சீஸ், 80 மி.லி. எண்ணெய் எனக்குச் சரியாக வருகிறது. அசல் முறையில் போடும் பைன் கொட்டை நம் கடைகளில் தங்க விலை. கடலோரத்து வாதாங்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து ஒருமுறை போட்டேன். சுவை அருமை, ஆனால் முப்பது கிராமுக்கு ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று.

சீஸ் விஷயத்தில் உங்கள் வீட்டாரின் தயக்கம் எங்கள் சைவ வீட்டிலும் உண்டு. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ என்னும் கெட்டிச் சீஸை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலைத் திரிக்கச் சேர்க்கும் உறையைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பச்சைப் புள்ளியிட்ட இந்தியக் கெட்டிச் சீஸ் வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. துண்டு துண்டாக அடுக்கி வரும் சாண்ட்விச் சீஸ் மட்டும் வேண்டாம், சூட்டில் பசையாகிவிடும்.

தொண்டிக் கடற்கரை

அம்மியில் அரைத்தால் இதற்குத் துவையல் என்றுதானே பெயர்? பெஸ்டோ என்ற சொல்லே இடித்தல், நசுக்குதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. மல்லித்தழையும் புதினாவும் வைத்து அரைத்து, இரண்டு இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் வதக்கிப் போட்டால், இத்தாலி வரை போகாமலே காரியம் முடிந்துவிடும். இறாலை நெய்யில் புரட்டி மேலே போடலாம் என்பதும் என் கருத்து.

மண்டபத்துச் சமையல்காரர்

துவையலின் தங்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. ஆனால் புதினா, பாலும் சீஸும் கலந்த சுவையோடு சண்டை போடும். பிள்ளைகள் கேட்டது அதுவல்ல. இறால் போடுவதானால் சீஸை விட்டுவிடுங்கள். மீன் வகைகளோடு சீஸ் சேர்ப்பதை இத்தாலியர் பலர் விரும்புவதில்லை, எனக்கும் அது பொருந்திவரவில்லை. மிளகாயைப் பெஸ்டோவில் அரைக்காமல், எண்ணெயில் கிள்ளிப் போட்டுத் தட்டின்மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றைச் சொல்ல மறந்தேன். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது. அகலப் பாத்திரத்தில் பெஸ்டோவை எடுத்து, ஞொக்கி வெந்த நீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்தி, வடித்த ஞொக்கியை அதில் போட்டுக் குலுக்குங்கள். அந்த நீரிலுள்ள மாவுச்சத்து எண்ணெயைப் பிரிய விடாது. மிஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடப்பதால் வெளியே வைத்திருப்பது ஆபத்து.

கீழக்கரை இல்லத்தரசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஞாயிறன்று உம்மாவின் இடியாப்ப உரலில் பிழிந்தேன்; மைதா 270 கிராமோடு நின்றது, சோதனைத் துண்டும் கரையவில்லை. புதனன்று ஆறே முக்காலுக்கு நான்கு லிட்டர் நீரை அடுப்பில் வைத்து, அது கொதிப்பதற்குள் இலையை முக்கி அரைத்து முடித்தேன். ஏழேகாலுக்கு அனைவரும் உண்ண அமர்ந்துவிட்டோம். பெஸ்டோ கடைசிவரை பச்சையாகவே இருந்தது. பச்சிலையின் கற்பூர வாடை எனக்குத் தெரிந்தது, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தொண்டியார் சொன்ன முண்டு மிளகாய் எண்ணெய் என் கணவரின் தட்டில் மட்டும் விழுந்தது.

உம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். உரலைக் கழுவி வைக்காமல் விட்டதற்கு மட்டும் திட்டினார்.