சின்ன முட்டைக்கோஸ் விதையிலிருந்து: நெருக்கி நட்டால் போதுமா, தனி ரகம் வேண்டுமா?

தொட்டிச்செடி (கேள்வி)

வணக்கம். ஒரு சமையலுக்கு ஒரு காய் என்கிற அளவில், 500 முதல் 800 கிராம் வரை எடையுள்ள முட்டைக்கோஸ் வேண்டும். விதை போட்டே வளர்க்க உத்தேசம். இடம் 1.2 × 2.4 மீட்டரில் ஒரு பாத்தி, கூடவே 30 × 30 செ.மீ. செடிப்பைகள் நான்கு. ஆறு மணி நேரம் நேர் வெயில் உண்டு.

சாதாரண ரகத்தையே நெருக்கி நட்டால் காய் சிறுக்குமா, இல்லை மினி ரகம்தான் தேட வேண்டுமா? நாற்று முளைத்ததும் நூலாக நீண்டு சாய்ந்துவிடுவதற்கு என்ன வழி? இலை மட்டும் விரிந்து உருண்டை பிடிக்காமல் நின்றுபோவது எதனால்? உரத்தைக் குறைத்தாலே காய் தானாகச் சிறுத்துவிடும் என்கிறார்கள் சிலர், அது சரியா?

நாற்றுமேடை

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். உரத்தைக் குறைத்தால் காய் சிறுக்காது, காயே பிடிக்காமல் போகும். முட்டைக்கோஸ் முதலில் வெளி இலைகளை விரிக்கும். அவை போதுமான அளவு பரந்த பிறகுதான் நடு இலைகள் நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று மடங்கத் தொடங்கும். வெளி இலைகள் வளராத செடியிடம் உருண்டை கட்டச் சரக்கு இருக்காது. இடத்தைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ரகம்: கோல்டன் ஏக்கர் மாதிரி சீக்கிரம் வரும் ரகத்தை 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் 1 முதல் 1.5 கிலோ வரும். அதையே 30 செ.மீ.க்கு நெருக்கினால் ஒரு கிலோவுக்குள் நிற்கும். கொன்சாலஸ் போன்ற மினி ரகம் 10–15 செ.மீ. குறுக்களவுதான், 25 செ.மீ. இடைவெளி போதும். கூம்பு வடிவம் பிடிக்குமென்றால் காராஃப்ளெக்ஸ். பெரிய, தட்டையான, நாள்பிடிக்கும் ரகங்களை மட்டும் நெருக்கிப் பார்க்காதீர்கள். அவற்றின் வெளி இலைக்கே இடம் போதாது, பாதிச் செடி உருண்டை பிடிக்காமல் நிற்கும்.

உங்கள் பாத்தியில் 30 செ.மீ. கணக்கில் 4 வரிசை, வரிசைக்கு 8, ஆக 32 செடி. மொத்தத்தையும் ஒரே நாளில் விதைத்தால் 32 காயும் ஒரே வாரத்தில் முற்றி நிற்கும். 15–20 நாள் இடைவெளியில் எட்டெட்டாக விதையுங்கள். ஒரு கிராமில் 250–300 விதை இருக்கும், நன்றாக உலர்வாக வைத்தால் நான்கு வருடம் முளைக்கும். அதனால் பாக்கெட்டை ஒரேயடியாகக் கொட்ட அவசியமே இல்லை.

நாற்று: குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, 1 செ.மீ. ஆழம். 18–29 டிகிரி செல்சியஸில் 4–7 நாளில் முளைக்கும். இங்கேதான் கவனம். தட்டை மூடி இருட்டில் வைத்திருந்தால், முதல் முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். "எல்லாம் முளைக்கட்டும்" என்று இரண்டு நாள் காத்திருந்தால் முந்தி முளைத்தவை நூலாகிவிடும். சூடும் அதிகம், வெளிச்சமும் குறைவு என்றால் நீளாமல் என்ன செய்யும்? முளைத்த பிறகு 15–18 டிகிரி போதும். விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் அதை நாற்றின் தலைக்கு 5–10 செ.மீ. மேலே தொங்கவிடலாம்.

நீண்டுபோன நாற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டு உறுதியாக இருந்தால், நடும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை மண்ணில் இறக்குங்கள். ஆனால் சாய்ந்த நாற்றைக் கிட்டத்தில் பாருங்கள்: மண் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து, கிள்ளிவிட்டதுபோல் ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல். அதைப் பிழைக்கவைக்க முடியாது. அந்தக் குழியைக் காலி செய்து, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுங்கள். மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர், அதுவும் தட்டின் அடியிலிருந்து.

மூடாக்கு

மேலே சொன்னதில் நடவு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4–5 இலை, அதாவது 4–5 வாரம். அதற்கு முன் ஒரு வாரம் நாற்றை வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். நுனிக்குருத்து இல்லாமல், இரண்டு தடித்த இலையோடு நிற்கும் குருட்டு நாற்று தட்டுக்கு ஒன்றிரண்டு இருக்கும். நடும் முன் நடுவில் குருத்து தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள், இல்லாதது எந்தக் காலத்திலும் காய் கட்டாது.

உருண்டை பிடிக்காததற்கு என் அனுபவத்தில் முதல் காரணம் சூடு, உரம் அடுத்துத்தான். காய் கட்டும் வாரங்களில் பகல் வெப்பம் 15–20 டிகிரி இருந்தால் கெட்டியாக இறுகும். 27 தாண்டினால் சாதாரண ரகம் தளர்ந்தே நிற்கும். அப்படிப்பட்ட இடமென்றால் சூடு தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். விதைப்பிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 90–105 நாள். உங்கள் பகுதியில் குளிர்ச்சியான வாரங்கள் எவை என்று பார்த்து, கடைசி 40 நாள் அதில் விழும்படி பின்னோக்கி எண்ணி விதையுங்கள்.

குளிர் மிஞ்சினாலும் வம்பு. தட்டிலேயே நாள் தள்ளிப்போய் தண்டு 6 மி.மீ.க்கு மேல் தடித்த நாற்று, 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் மாட்டிக்கொண்டால் காய் கட்டாமல் பூத்தண்டு விடும். சின்ன நாற்றுக்கு இந்த ஆபத்து குறைவு.

மண்: அமில–காரநிலை 6.5-க்கு மேல் இருப்பது நல்லது. அமில மண்ணில் வேர் வீக்க நோய் வந்தால் வருடக்கணக்கில் போகாது. சதுர மீட்டருக்கு 4–5 கிலோ மக்கிய தொழுஉரம் அடியுரம். நட்ட மூன்றாம் வாரம் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், நடு இலைகள் கிண்ணம்போல் குவியும்போது இன்னொரு முறை. காய் இறுகத் தொடங்கிய பிறகு தழைச்சத்து வேண்டவே வேண்டாம், அது வெடிப்பைத்தான் கூட்டும்.

தண்ணீர் சீராகப் போக வேண்டும். காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றினால் உள்ளே இலை வேகமாகப் பெருத்து மேல்தோல் வெடிக்கும். உள் இலை ஓரம் பழுப்பாகக் காய்வதும் இதே கோளாறுதான்: சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) தண்ணீரோடுதான் போகும், தண்ணீர் சீராக இல்லாவிட்டால் நடு இலைக்குப் போய்ச் சேராது. அதற்குக் கால்சியம் வாங்கி இலைமேல் தெளிப்பது வீண், மூடிய உருண்டைக்குள் அது போகாது. வைக்கோலோ சருகோ 5 செ.மீ. மூடாக்குப் போடுங்கள். வெடிக்கும்போல் இருக்கிறது, ஆனால் உடனே பறிக்க வசதியில்லை என்றால், காயை இரு கையாலும் பிடித்துக் கால் சுற்று திருப்பிவிடுங்கள். சில வேர் அறுந்து தண்ணீர் இழுப்பது குறையும், ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

வலைக்காரன்

புழுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அது வரும்.

நட்ட அன்றே வலை, நாளைக்கு இல்லை. 1.3 மி.மீ. கண் வலை இருந்தால் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் உள்ளே வராது. வளைவு வைத்து உயர்த்திக் கட்டுங்கள். இலை வலையில் உரசினால் வெளியிலிருந்தபடியே இலையில் முட்டை வைத்துவிட்டுப் போகும். ஓரங்களை மண்ணில் புதையுங்கள். காய்க்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் அறுவடை வரை வலையை எடுக்கவே வேண்டாம். அசுவினி மட்டும் இந்தக் கண்ணில் நுழையும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் பார்த்து, தெரிந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

வலை இல்லாமல் போய்விட்டதென்றால் அடையாளம் இப்படி: இலையில் கண்ணாடிபோல் ஒரு பக்கத் தோல் மட்டும் மிஞ்சிய சின்னச் சன்னல்கள் இருந்தால் வைரமுதுகு. தொட்டால் துள்ளி நெளிந்து நூலில் தொங்கும் பச்சைப்புழு அதுதான். குருத்தில் பச்சை எச்ச உருண்டைகள் கிடந்தால் வண்ணத்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கிறது. பி.டி. குர்ஸ்டாகி என்கிற பாக்டீரியா புழுமருந்தை பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, சாயங்காலம், இலையின் அடியும் நனைய அடியுங்கள். வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடும், எனவே 5–7 நாளில் மறுபடி. புழு தின்றால்தான் வேலை செய்யும், சின்னப் புழுவில்தான் நன்றாகக் கேட்கும். காய் மூடிக்கொண்ட பிறகு உள்ளே போன புழுவை எந்த மருந்தும் தொடாது.

இலை ஓரத்திலிருந்து நரம்பை நோக்கி ஆங்கில 'வி' வடிவில் மஞ்சள் படர்ந்து, நரம்பு கறுத்தால் அது கருப்பு அழுகல். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். விதை வழியாகவும் பரவும். சந்தேகமான விதையென்றால் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, உலர்த்தி விதையுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே முளைப்பு கெடும்.

தொட்டிச்செடி

வலையும் கோல்டன் ஏக்கரும் என்று முடிவு செய்துவிட்டேன். பைகளில் இரண்டிரண்டாக நடலாமா? பறிக்கும் பக்குவத்தை எப்படிப் பார்ப்பது?

நாற்றுமேடை

30 செ.மீ. பைக்கு ஒன்றுதான். 20 லிட்டர் மண் ஒரு செடிக்குச் சௌகரியம். இரண்டு நட்டால் வெயில் நாளில் தண்ணீர் சீராக வைக்கவே முடியாது. பைகளில் மினி ரகத்தைப் போட்டுப் பாருங்கள், பொருத்தமாக இருக்கும்.

அளவைப் பார்க்காதீர்கள், கட்டை விரலால் உச்சியை அமுக்குங்கள். அமுங்காமல் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். லேசாக அமுங்கினால் இன்னும் ஒரு வாரம். அறுக்கும்போது வெளி இலைகளைச் செடியிலேயே விட்டு, காயை மட்டும் வெட்டுங்கள். தண்டின் வெட்டுமுகத்தில் 1 செ.மீ. ஆழத்துக்குச் சிலுவைக் கீறல் போட்டுத் தண்ணீரும் ஒரு கைப்பிடி உரமும் கொடுத்தால் இலைக்கணுக்களில் நான்கைந்து குட்டிக் கோஸ் கிளம்பும். அப்படியே விட்டால் எல்லாம் தளர்வாக 5 செ.மீ.யில் நிற்கும். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். குளிர்ச்சி மிச்சமிருந்தால் மட்டும் இந்த வேலை. சூடு ஏறிவிட்டால் வேரோடு பிடுங்கிவிட்டு, அந்தப் பாத்தியில் மூன்று வருடத்துக்குக் கடுகு, முள்ளங்கி, காலிஃபிளவர் உட்பட இந்தக் குடும்பத்தில் எதையும் போடாதீர்கள்.