லெய் ச்சா பச்சைக் குழம்பு கசக்கிறது, உதவுங்கள்

சிங்கப்பூர் நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் அம்மாவை ஓர் ஆரோக்கிய உணவகத்துக்கு அழைத்துப் போய் ஹக்கா சீனர்களின் லெய் ச்சா சோறு வாங்கிக் கொடுத்தேன். 'தண்டர் டீ ரைஸ்' என்று பலகையில் எழுதியிருப்பார்களே, அதுதான். 'லெய்' என்றால் இடித்து அரைப்பது. அதே ஒலி வானத்து இடிக்கும் உண்டாம். நம் 'இடி'யைப் போலவே!

சிவப்பரிசிச் சோற்றைச் சுற்றிப் பொடியாக நறுக்கிய பயற்றங்காய், கீரை, டோஃபு, உப்பிட்ட முள்ளங்கி, வறுத்த வேர்க்கடலை. தனிக் கிண்ணத்தில் பச்சைக் குழம்பு. அம்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "என்னடா, கஷாயம்?" என்றார். ஆனால் சோற்றில் ஊற்றிப் பிசைந்ததும் பேச்சே இல்லை, கிண்ணம் காலி.

இப்போது வீட்டிலும் வேண்டும் என்கிறார். தேயிலை, புதினா, துளசி, எள், வேர்க்கடலை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துக் கொதிநீர் ஊற்றினேன். பழுப்பு நிறமாகி, நாக்கில் வைக்க முடியாத கசப்பு. தேயிலை கூடிவிட்டதா, கொதிநீர்தான் காரணமா? ஹக்கா வீடுகளில் உள்ளே வரியோடிய மண் சட்டியில் கொய்யாக் கட்டையால் அரைப்பார்களாம். நம் அம்மிக்கல் போதுமா?

இன்னொன்று: பல கடைகளில் நெத்திலியோ காய்ந்த இறாலோ சேர்க்கிறார்கள். அம்மா சுத்த சைவம். நம்பிச் சாப்பிடக்கூடிய கடை தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.