கையில் வைத்த டயாலிசிஸ் குழாய் (கிராஃப்ட்) மறுபடி அடைத்துவிட்டது. நைட்ரிக் ஆக்சைடு குழாய் எங்கே கிடைக்கும்?

மூத்தமகன்:
அப்பாவுக்கு வாரம் 3 டயாலிசிஸ். நரம்பு மெலிசு என்பதால் ஃபிஸ்டுலா (நரம்பைத் தமனியோடு நேரடியாக இணைப்பது) சரிவரவில்லை. மேற்கையில் 6 மி.மீ. பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்து 'விர்' என்ற அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. போன செவ்வாய் அது இல்லை. 8 மாதத்தில் இரண்டாவது அடைப்பு. நைட்ரிக் ஆக்சைடு கசியும் குழாயில் ரத்தம் உறையாதாமே? எங்கே வாங்கலாம்? அப்பா நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் இதுவும் ஒன்றா?

பச்சைப்படிகம்:
இதே ஆய்வில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கடையில் கிடைக்காது, இன்னும் ஆய்வுக்கூடம், விலங்குச் சோதனை அளவில்தான் இருக்கிறது. வாயு ஒன்றுதான். சார்பிட்ரேட் உடம்பு முழுக்கப் போய் அதை விடும், இந்தக் குழாய் தன் சுவரில் மட்டும் விடும். நம் ரத்தக்குழாயின் உள்தோல் இதே வாயுவை நாள் முழுக்கச் சுரந்து தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு ஏது உள்தோல்?

சிக்கல் என்னவென்றால், சரக்கு தீர்ந்துபோகும். நான் பயன்படுத்தியது இந்த வாயுவை விடும் ஸ்நாப் என்ற பச்சைப் படிகம். பாலியூரித்தேனில் கலந்து ஊற்றினால் இளம்பச்சைப் படலம் வரும், வாயு போகப்போக வெளுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அலுமினியத் தாள் சுற்ற மறந்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். திங்கள் வந்து பார்த்தால் வெள்ளைவெளேர். மொத்தத்தையும் வெளிச்சமே கறந்துவிட்டது. என் கைடு சொன்னதை இங்கே எழுத முடியாது.

ரசாயனம்_பிடிக்கும்:
செம்பு கலந்தால் தீராது என்கிறார்களே?

பச்சைப்படிகம்:
ஆமாம், அது கெட்டிக்கார வழி. ரத்தத்திலேயே நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்திருக்கும் நைட்ரோசோதயால் என்ற சேர்மங்களைச் செம்பு அயனி உடைத்து வாயுவை எடுக்கும். ஆனால் அந்தச் சரக்கு ஆளுக்கு ஆள் கூடும் குறையும்.

மூத்தமகன், ஒன்று கேளுங்கள். இந்த மாதிரிக் குழாய்கள் பெரும்பாலும் நரம்போடு தைத்த முனையில்தான் சதை வளர்ந்து சுருங்கும். உறைந்த ரத்தக்கட்டியை மட்டும் எடுத்தார்களா, அந்தச் சுருக்கத்தை பலூன் வைத்து விரித்தார்களா? உறைவைத் தடுக்க ஹெப்பாரின் பூசிய குழாய் விற்பனையில் இருக்கிறது. அப்பாவுக்குத் தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

மூத்தமகன்:
கேட்டேன் சார். நரம்பு முனையில் சுருக்கம்தானாம், வியாழக்கிழமை பலூன். சார்பிட்ரேட் வாயு விடும் கதையை அப்பாவிடம் சொன்னேன். "வாயுவுக்குப் பூண்டு போதாதாடா?" என்கிறார்.