லாங் கவுண்ட்: நெடுங்கணக்கு என்று எழுதலாமா?

கணக்கு டீச்சர்:
கலைச்சொல் அவையோருக்கு வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயர்களின் பழைய நாட்காட்டி பற்றி ஒரு பதாகை செய்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏதோ யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, "2012இல் அழிய வேண்டிய உலகம், தேதியைத் தப்பாகக் கணக்குப் போட்டதால் தப்பித்ததாம், இனிமேல்தான் இருக்கிறதாம்" என்று வந்து நிற்கிறார்கள். திங்கள் காலை பிளெக்ஸ் கடையில் கோப்பைக் கொடுத்தாக வேண்டும்.

மாயர்களின் 'லாங் கவுண்ட்' என்னும் நாள் எண்ணும் முறைக்கு நெடுங்கணக்கு என்று போட்டிருக்கிறேன். சரிதானா? அதில் வரும் 'பக்தூன்' என்ற பேரலகுக்குத் தமிழில் என்ன சொல்வது? கணக்கு இதுதான்: ஒரு நாள் ஒரு கின். 20 கின் ஒரு வினால். 18 வினால் ஒரு தூன், அதாவது 360 நாள். 20 தூன் ஒரு கதூன். 20 கதூன் ஒரு பக்தூன், 1,44,000 நாள், சுமார் 394 ஆண்டு. கி.மு. 3114 ஆகஸ்ட் 11இல் தொடங்கி 2012 டிசம்பர் 21இல் 13 பக்தூன் முடிந்தது. 'முடிந்தது' என்று எழுதும்போதே கை நடுங்குகிறது. அதற்கும் ஒரு நல்ல சொல் வேண்டும்.

பொருநை:
டீச்சருக்கு வணக்கம். நெடுங்கணக்கு கூடவே கூடாது. அகரம் முதல் னகரம் வரை உயிர்மெய்யும் சேர்த்து வரிசையாக எழுதிய அரிச்சுவடிக்குப் பெயர் அது. உங்கள் பதாகையைப் படிக்கும் தமிழாசிரியர், மாயர்களுக்கு 247 எழுத்து இருந்ததாக நினைத்துக்கொள்வார்.

'பக்தூன்' என்ற ஒலிபெயர்ப்பும் தவறு. ககர ஒற்றுக்குப் பின் ககரம்தான் வரும், தகரம் வராது. க, ச, த, ப நான்கும் தம்மொடு தாமே மயங்கும். பக்குத்தூன் என்று உகரம் இட்டு எழுதுங்கள்.

கரிசல்:
பொருநை ஐயா, அந்த விதிப்படி பக்தி, சக்தி, முக்தி, டாக்டர் எல்லாவற்றையும் ஊரைவிட்டே துரத்த வேண்டும். பக்குத்தூன் என்றால் ஏதோ வடகம் மாதிரி இருக்கிறது.

லாங் கவுண்ட்டுக்கு நெடுநாட்கணக்கு என்று போடலாமே? நீளமும் வந்தது, நாளும் வந்தது, கணக்கும் வந்தது.

அப்புறம் ஒரு சந்தேகம், அவை கோபிக்கக் கூடாது. மாயர் என்பது நம் புராணத்துத் தெய்வத்தச்சன் மயன்தானே? கலியுகம் தொடங்கியது கி.மு. 3102, அவர்கள் எண்ணத் தொடங்கியது 3114. பன்னிரண்டு வருடம்கூட இடைவெளி இல்லை!

மட்டுறுத்துநர்:
மயனுக்குப் போகும் பாதை இந்தக் குழுவில் ஏற்கெனவே மூடப்பட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் அமர்ந்த கட்டிலை மயன் செய்தது போன்றது என்று இளங்கோ புகழ்கிறார். அதைச் செய்த தச்சன் குவாத்தமாலாவிலிருந்து வந்தான் என்று யாரும் எழுத வேண்டாம்.

ஆண்டுகள் அருகருகே அமைந்ததும் தற்செயல்தான். கலியுகத் தொடக்கம் நம் வானியலாளர்கள் கோள்களின் நிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. மாயர்களின் தொடக்க நாளும் அவர்கள் புராணப்படி இப்போதைய உலகம் படைக்கப்பட்ட நாள். அந்த நாளில் உட்கார்ந்து யாரும் எழுதி வைக்கவில்லை. இதோடு விடுங்கள்.

நெய்தல்:
யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். டீச்சர், எங்கட பக்கத்தில் தீர்க்கரேகைக்கு நெட்டாங்கு, அட்சரேகைக்கு அகலாங்கு என்று பாடநூலில் படித்தனாங்கள். முதலில் சிரித்த பிள்ளைகளே பிறகு பழகிவிட்டார்கள். அந்தத் துணிவில் நெட்டெண்ணிக்கை என்று வைக்கலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மாயர்களிடம் 'ஷார்ட் கவுண்ட்' என்றும் ஒன்று இருந்தது. 13 கதூன் கொண்ட சுற்று, சுமார் 256 ஆண்டு. ஸ்பானியர் வந்த காலத்தில் யுகத்தானில் புழக்கத்தில் இருந்தது அதுதான். ஆகவே வைக்கிற சொல்லுக்கு இணையும் வேண்டும். குறுநாட்கணக்கு என்றால் மளிகைக்கடைக் கடன் போலக் கேட்கும். நெடுநாட்கணக்கு என்றால் திருப்பித் தராத கடன்.

ஏடுதேடி:
கடைசியாக எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வந்தீர்கள். ஒரு தொடக்க நாளைக் குறித்துக்கொண்டு, மாதமும் ஆண்டும் இல்லாமல் நாளை மட்டும் எண்ணிக்கொண்டே போவது நம் ஊருக்குப் புதிதல்ல. வடமொழி வானியலில் அதற்கு அகர்கணம் என்று பெயர். அது வேண்டாம். குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயில் எடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடு இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு. அதில் தேதி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'கலியுகக் கோட்டுநாள்' என்று சொல்லி, பதினான்கு நூறாயிரத்து நாற்பத்தொன்பதினாயிரத்து எண்பத்தேழு என்று எண்ணைச் சொல்கிறது. 14,49,087ஆவது நாள். கி.பி. 866இல் வருகிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செம்பில் வெட்டிய சொல் கையில் இருக்கும்போது எதற்கு நெட்டெண்ணிக்கை? கோட்டுநாள் என்று போடுங்கள். நெடுங்கோட்டுநாள், குறுங்கோட்டுநாள் என்று இணையும் கிடைக்கும். கோட்டு என்பது கோடு என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. சுவரில் ஒரு நாளுக்கு ஒரு கோடு கிழித்து எண்ணுவது. மாயர்களும் ஐந்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி என்றுதான் எண்ணை எழுதினார்கள். பொருத்தத்தைப் பாருங்கள்!

பொருநை:
கோடு என்றால் வளைவு, கொம்பு, மலையுச்சி, சங்கு, கிளை எல்லாம் உண்டு. கிழித்த கோட்டை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்? கூட்டுநாள் என்பதன் திரிபாகவும் கொள்ள இடமுண்டு. நாளோடு நாளைக் கூட்டிக்கொண்டே போவதுதானே அது?

ஏடுதேடி:
செப்பேட்டில் ஓகாரம் இருக்கிறது, ஊகாரம் இல்லை. படிக்காமல் திருத்த வேண்டாம்.

கணக்கு டீச்சர்:
ஐயா, செப்பேடு எனக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பதாகைக்கு முன் ஒரு பிள்ளை நிற்பது அரை நிமிடம். கோட்டுநாள் என்றால் கோட்டு போட்ட நாளா என்று கேட்கும். பக்தூனுக்கு யாரும் சொல் தரவில்லையே?

கரிசல்:
ஊழி! எவ்வளவு அழகான சொல். "ஊழி பெயரினும் தாம்பெயரார்" என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். பதின்மூன்று ஊழி.

ஏடுதேடி:
ஊழியைவிடப் பரிபாடலுக்குப் போகலாம். திருமாலைப் பாடும் இரண்டாம் பாடலில் ஊழிகளை எண்ணும்போது நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்கள் வரிசையாக வருகின்றன. தொல்காப்பியரும் ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களுக்குப் புணர்ச்சி விதி சொல்கிறார். தாமரை, வெள்ளம், ஆம்பல். பக்தூனை ஆம்பல் என்று வைத்துவிட்டால் அதற்கு மேல் 20 பக்தூன் சேர்ந்த பிக்தூனுக்கு வெள்ளம். இலக்கணமும் தயார்.

நெய்தல்:
என்ர பெயரும் ஓர் எண்தான் என்று இன்றைக்குத்தான் தெரியும். ஆனால் ஐயா, உலகம் அழியாது என்று சொல்லுகிற பதாகையில் 'வெள்ளம் வரும்' என்று எழுதச் சொல்லுகிறீர்களே.

பாலைக்கலி:
ஊழியை ஏற்கவே முடியாது. அந்தச் சொல்லுக்கு நீண்ட காலம் என்றும் பொருள், அந்தக் காலத்தின் இறுதியில் வரும் அழிவு என்றும் பொருள். 'ஊழிக்காலம்', 'ஊழிப்பெருவெள்ளம்', 'ஊழித்தீ' என்று கேட்டே வளர்ந்த காதுக்குப் 'பதின்மூன்றாம் ஊழி முடிந்தது' என்றால் வேறு எப்படி விளங்கும்? மாயர்கள் சொல்லாத தீர்க்கதரிசனத்தை நாம் தமிழில் எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

இந்தப் புரளி பிறந்ததே ஏறக்குறைய இப்படித்தான். 1966இல் அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் கோ, பதின்மூன்றாம் பக்தூனின் கடைசி நாளில் உலகத்துக்கு அர்மகெதோன் வரும் என்று மாயர்கள் நினைத்திருக்கலாம் என எழுதினார். அர்மகெதோன் மாயர் சொல் அல்ல, பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வருவது. அவர் அன்று கணித்த தேதியும் 2011 டிசம்பர் 24. கிறிஸ்தவக் கடைசிப் போரின் பெயரைத் தூக்கி மாயர் கணக்கின் மேல் வைத்தார், பின்னால் வந்தவர்கள் அதில் கோள் மோதலையும் துருவ மாற்றத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 2012இல் பிரான்சின் புகராஷ் மலையில் மட்டும் தப்பிக்க வழி உண்டு என்று கூட்டம் கிளம்பி, போலீஸ் மலையையே மூட வேண்டி வந்தது.

கல்வெட்டு என்ன சொல்கிறது? மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் தோர்த்துகேரோ என்ற இடத்துக் கல்லில், கி.பி. 669இல் ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்த செய்தியோடு, 'பதின்மூன்றாவது பிக் முற்றுப்பெறும்' என்று வருகிறது. போலோன் யோக்தே என்ற தெய்வமும் வருகிறது. நடுவில் கல் சிதைந்திருக்கிறது. தீ, வெள்ளம், அழிவு எதுவும் இல்லை. குவாத்தமாலாவின் லா கொரோனா படிக்கட்டில் இரண்டாவது குறிப்பு கிடைத்தது 2012இல்தான். அங்கே காலக்முல் என்ற மாயர் நகரின் அரசன், முந்தைய ஆண்டு திக்கால் நகரிடம் தோற்ற பிறகு, 696இல் வந்து, தன் ஆட்சியைப் பெரிய காலக்கணக்கோடு சேர்த்துப் பெருமை பேசுகிறான். அவ்வளவுதான், அரசியல்.

பலென்கே என்ற மாயர் நகரின் அரசன் பக்காலின் கல்வெட்டு இன்னும் வேடிக்கை. 615இல் அவன் முடிசூடிய நாளின் ஆண்டுவிழா கி.பி. 4772இலும் வரும் என்று கணக்குப் போட்டுச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 2012இல் உலகம் முடியும் என்று நம்பியவர்கள் 4772க்கு விழா எடுப்பார்களா? டீச்சர், இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நம் 60 ஆண்டுச் சுற்றில் அட்சய முடிந்தால் மறுநாள் பிரபவ பிறக்கிறது, யாரும் பெட்டி கட்டுவதில்லை. அங்கேயும் அடுத்த பக்தூன் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நிறைவது 2407இல்.

பொருநை:
பாலைக்கலி அவர்களே, 'பிக்' என்றீர்கள். அப்படியானால் பக்தூன் என்பது?

பாலைக்கலி:
பக்தூன் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கட்டிய சொல். யுகத்தேக் மொழியில் பக் என்றால் நானூறு. அதோடு தூனைச் சேர்த்துவிட்டார்கள். கல்வெட்டுக்காரர்கள் பிக் என்றுதான் சொன்னார்கள்.

பொருநை:
ஆகா! அவர்கள் கட்டலாம், நாம் கட்டக் கூடாதா? நானூற்றாண்டு!

கணக்கு டீச்சர்:
360 நாளை ஆண்டு என்று எழுதினால் என் கணக்கு தப்பாகிவிடும் ஐயா. 400 தூன் 394 ஆண்டுதான்.

மட்டுறுத்துநர்:
ஞாயிறு இரவு ஆகிவிட்டது. கை தூக்கியவர்களை எண்ணினேன். நெடுநாட்கணக்குக்குப் பெரும்பான்மை, பலரும் ஆர்வத்தோடு அல்ல. கோட்டுநாளுக்கு ஏடுதேடி ஒருவர், அவருக்கே இரண்டு முறை. பக்தூனை அப்படியே விடலாம் என்பது பொதுக்கருத்து. 'முடிவு' வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. நிறைவா, முற்றா என்பதுதான் பாக்கி.

பொருநை:
முற்றுதான். முற்றுதல் என்றால் முதிர்தலும் உண்டு. கல்வெட்டில் வரும் வினைக்கும் நிறைதல், முற்றுப்பெறுதல் என்றே பொருள் சொல்கிறார்கள்.

கரிசல்:
கதையின் கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' என்று போடுவார்களே, பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள். நிறைவு போதும். நிறைந்த பானையை யாரும் உடைந்த பானை என்று சொல்ல மாட்டார்கள்.

கணக்கு டீச்சர்:
சரி. 'நெடுநாட்கணக்கில் 13 பக்தூன் நிறைவு' என்று போட்டுவிட்டேன். கீழே கோட்டுநாள் செப்பேட்டுக்குத் தனிக் கட்டம் கொடுத்திருக்கிறேன், ஏடுதேடி ஐயாவுக்கு நன்றி. கடைசியாக ஒன்றே ஒன்று: 365 நாள் கொண்ட அவர்களின் ஆண்டுக்கு, 20 நாள் கொண்ட 18 மாதமும் கூடுதலாக 5 நாளும் வருமே, அதற்குப் பெயர் ஹாப். ஹகரம் இல்லாமல் எப்படி எழுதுவது?

பொருநை:
கிரந்தம் எதற்கு? ஆப் என்று எழுதுங்கள்.

கணக்கு டீச்சர்:
எட்டாம் வகுப்பு அதை ஆப்பு என்றுதான் படிக்கும் ஐயா. ஹாப் என்றே போடுகிறேன்.

பொருநை:
அப்படியென்றால் நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.

ஏடுதேடி:
அந்த இடத்தில் கோட்டுநாளை இன்னொரு தடவை போடலாமே.